படம் எடுத்த பக்கம் புத்தகம் ஆகாது

மலாக்கா மாநிலத்தில் பழைய தமிழ்ப்பள்ளி மலரோ, கோயில் குடமுழுக்கு மலரோ, ஒரு தோட்டத்தின் வரலாற்று நூலோ கைக்குக் கிடைத்துவிட்டால் இப்போதெல்லாம் உடனே ஒரு காரியம் நடக்கிறது. ஆர்வலர் ஒருவர் அதைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, ஒரே பிடிஎஃப் கோப்பாக்கிப் புலனக் குழுவில் பகிர்கிறார். பாராட்டுகள் குவிகின்றன. கூடவே ஒரு வாக்கியமும் வருகிறது: "இனி கண் தெரியாதவர்களும் படிக்கலாம், கைப்பேசியே வாசித்துக் காட்டிவிடும்." நூல் வெளியீட்டு மேடைகளிலும் இதைக் கேட்கிறோம். நல்ல மனத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இது உண்மை இல்லை. இதை நம்புவதால் வரும் கெடுதல் பெரியது. வேலை முடிந்துவிட்டது என்று எண்ணி எல்லாரும் எழுந்து போய்விடுகிறார்கள்.

ஸ்கேன் செய்த பக்கம் ஒரு படம். அதில் எழுத்து இருப்பது பார்க்கிறவர் கண்ணுக்குத்தான். கணினிக்கு அது வெள்ளைப் பரப்பில் சிதறிய கறுப்புப் புள்ளிகள். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான், கணினியில் என்விடிஏ ஆகட்டும், கைப்பேசியில் டாக்பேக், வாய்ஸ்ஓவர் ஆகட்டும், எழுத்துக் குறியீடு இருந்தால்தான் ஒழுங்காக வாசிக்கும். வெறும் படத்தைக் கொடுத்தால் பக்க எண்ணோடு நின்றுவிடும், அல்லது கோப்பு வெறுமையாக இருக்கிறது என்று அறிவிக்கும். இருநூறு பக்க மலரைப் பதிவிறக்கிய ஒருவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் அவ்வளவுதான்.

"அதற்குத்தான் எழுத்துணரி இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. கூகுள் டிரைவ் தமிழ்ப் பக்கத்தை எழுத்தாக்கித் தருகிறது. டெசராக்ட் என்ற கட்டற்ற மென்பொருளும் தருகிறது. தெளிவான புது அச்சில் பெரும்பாலான எழுத்துகள் சரியாகவே வரும். இந்த முன்னேற்றத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நம்மிடம் இருக்கும் நூல்கள் எப்படிப்பட்டவை? ஈயெழுத்தில் கோத்து, மட்டமான தாளில் அச்சடித்து, இந்த நாட்டின் ஈரக்காற்றில் பழுப்பேறி, கறையான் தின்று மிச்சம் வைத்தவை. புள்ளி அழிந்தால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடுகிறது. பழைய அச்சில் துணைக்காலும் ரகரமும் ஒரே உருவம். எழுத்துணரி எதை எதுவாக எடுத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் வந்த நூல்களில் ணை, லை, னை, ளை ஆகியவை துதிக்கை போட்ட வடிவத்திலும், ணா, றா, னா ஆகியவை சுழித்த வடிவத்திலும் இருக்கின்றன. புதிய வடிவத்தில் மட்டும் பழகிய கருவி அங்கே தடுமாறுகிறது. நம் தாத்தாக்கள் தோட்டத்து வாசகசாலையில் படித்த நூல்களில் பெரும்பாலானவை அந்தப் பழைய வடிவில் உள்ளன.

எழுத்துப்பிழைகூடச் சிறிய சங்கதி. பக்கத்தின் அமைப்பு அதைவிடப் பெரிய சிக்கல். தமிழ் அச்சில் வரி முடிகிற இடத்தில் சொல்லை இணைப்புக்கோடுகூட இல்லாமல் உடைத்துப் போடுவது வழக்கம். கண் அதைத் தானாக ஒட்டிக்கொள்ளும். எழுத்துணரி அதை இரண்டு துண்டாகவே விட்டுவிடும். 'தொழிலாளர்' என்பது 'தொழி' என்றும் 'லாளர்' என்றும் தனித்தனியாகக் காதில் விழும். ஒரு பக்கத்தில் பத்து இடத்தில் இப்படி நடந்தால், கேட்பவர் கதையைப் பின்தொடர்வதை விட்டுவிட்டுச் சொற்களை ஒட்டவைக்கும் வேலையைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒவ்வொரு பக்கத் தலையிலும் நூலின் பெயர் அச்சிட்டிருக்கும். நாம் அதைப் பார்ப்பதே இல்லை. குரல் அதை விடாது. ஒரு வாக்கியம் ஒரு பக்கத்தில் தொடங்கி அடுத்த பக்கத்தில் முடிகிறது என்றால் நடுவில் பக்க எண்ணும் நூற்பெயரும் அத்தியாயப் பெயரும் வந்து விழும். தாய் இறந்த செய்தி சொல்லும் வாக்கியத்துக்கு நடுவிலும் வந்து விழும். அடிக்குறிப்பு எந்த எண்ணுக்கு உரியதோ அந்த இடத்தில் வராது, பத்திக்குள் புகுந்துகொள்ளும். இரண்டு பத்தியாக அச்சிட்ட இதழானால் இடப்பக்கத்து வரியும் வலப்பக்கத்து வரியும் மாறி மாறி வரும். 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன 'தமிழ் நேசன்' போன்ற நாளிதழின் ஒரு பக்கத்தை இப்படிக் கேட்டால் மரண அறிவிப்பும் சினிமா விளம்பரமும் ரப்பர் விலையும் ஒரே வாக்கியமாகிவிடும்.

நம் மலர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். அவற்றில் பாதிப் பக்கம் நிழற்படம். "நிற்பவர்கள், இடமிருந்து வலம்" என்று பன்னிரண்டு பெயர் இருக்கும். அந்தப் பெயர்கள் எந்தப் படத்துக்கு உரியவை, எந்த ஆண்டில் எடுத்தது, படத்தில் இருப்பது பள்ளிக்கூடமா பால் ஸ்டோரா என்று யாராவது ஒருவர் இரண்டு வரி எழுதிச் சேர்த்தால்தான் அது பார்வையற்ற வாசகருக்குப் படம். நன்கொடையாளர் பட்டியலும் தோட்டத்து ஏக்கர் கணக்கும் அட்டவணையில் இருக்கும். தலைப்பு வரிசையைக் குறிக்காவிட்டால் எண்கள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக வரும், எது ஏக்கர், எது ஆள் கணக்கு, எது ஆண்டு என்று தெரியாது.

ஆண்டு என்றதும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பழைய அச்சில் மூன்றும் எட்டும் மயங்குவது மிகச் சாதாரணம். நம் வரலாற்றில் 1943 என்றால் சயாம் மரண ரயில். நம் தோட்டங்களிலிருந்து கொண்டுபோனவர்கள் காட்டில் மடிந்த ஆண்டு. 1948 என்றால் அவசரகாலம். ஓர் இலக்கம் மாறினால் "அப்பாவை அந்த ஆண்டில் இழந்தோம்" என்ற வாக்கியத்துக்கு வேறொரு வரலாறு வந்துவிடுகிறது. 1967இல் புக்கிட் அசகான் தோட்டத் தொழிலாளர்கள் கோலாலம்பூர் நோக்கி நடந்தார்கள். அந்த நடையைப் பற்றிய குறிப்பில் ஆண்டு பிசகினால் அதைத் தேடி வருகிற மாணவர் அதைக் கண்டுபிடிக்கவே மாட்டார்.

"சின்னச் சின்னப் பிழைதானே, வாசிப்பவர் புரிந்துகொள்வார்" என்பது அடுத்த பதில். என்னை மிகவும் கோபப்படுத்தும் பதில் இதுதான். நமக்குச் சந்தேகம் வந்தால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத் தெளிந்துகொள்ளலாம். அவருக்கு அந்த வழி இல்லை. எழுத்துணரி என்ன கொடுத்ததோ அதுதான் அவருக்கு மூலநூல். பிழையைப் பார்க்கக்கூடியவர் திருத்தாமல் விட்டுவிட்டு, பார்க்க முடியாதவரிடம் அதைக் கண்டுபிடிக்கச் சொல்வது எந்த நியாயம்?

இப்போது செயற்கை நுண்ணறிவைக் காட்டுகிறார்கள். மெய்ப்புப் பார்க்கவே வேண்டாம், அதுவே திருத்திவிடும் என்கிறார்கள். வேகத்துக்கு அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் பழைய எழுத்துணரி தவறு செய்தால் பெரும்பாலும் உளறலாக வரும், கேட்டவுடன் தெரியும். புதியது தெரியாத இடத்தைப் பொருத்தமான சொல்லால் நிரப்பிவிடும். வாக்கியம் அழகாக ஓடும், சொல் மட்டும் ஆசிரியருடையதாக இருக்காது. நம் தோட்டத்துத் தமிழுக்கு இதில் இரட்டை ஆபத்து. பிரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) போனார்கள், மங்கு துடைத்தார்கள், நிரை பிடித்தார்கள், ஒட்டுப்பால் பொறுக்கினார்கள், கித்தா (ரப்பர்) மரம், தண்டல், கிராணி, ஆயாக்கொட்டகை. சென்னை நாளிதழிலும் தமிழ்நாட்டுப் பாடநூலிலும் பழகிய கருவிக்கு 'பிரட்டு' பிழையாகத் தோன்றி 'புரட்டு' ஆகலாம், 'கித்தா' ஒரு பெண்ணின் பெயராகலாம். மெர்லிமாவிலோ ஜாசினிலோ தோட்டத்தில் வளர்ந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் ஒரு நொடியில் பிடித்துவிடுவார். அந்த ஆள்தான் தேவை. அந்த ஆளுக்கு இன்று வயது எழுபதைத் தாண்டியிருக்கும்.

புதிய நூல்களுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று நினைக்க வேண்டாம். கணினியில் கோத்த நூலே பழைய எழுத்துருவில் இருந்தால் அதுவும் ஊமைதான். பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்த கோப்பைத் திரைவாசிப்பானிடம் கொடுத்தால் அதற்குத் தெரிவது ஆங்கில எழுத்துகள்: ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. முந்நூறு பக்கம் இப்படியே. இந்த நாட்டில் பிறந்த முத்து நெடுமாறன் 1985இலேயே முரசு மென்பொருளை உருவாக்கித் தமிழைக் கணினிக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவரானார். அப்படிப்பட்ட நாட்டில் யுனிகோடு இல்லாத கோப்பில் இன்னும் மலர் தயாரிப்பதற்கு எந்தச் சமாதானமும் இல்லை.

ஒலிநூல் போதும் என்பவர்களுக்கு நான் நீண்ட பதில் சொல்லப் போவதில்லை. கதைக்கு ஒலிநூல் அருமை. ஆனால் ஒரு மாணவர் கட்டுரையில் 112ஆம் பக்கத்தை மேற்கோள் காட்ட வேண்டும், ஒரு சொல் எந்த ரகரம், எந்த லகரம் என்று எழுத்தெழுத்தாகக் கேட்க வேண்டும், விரல் நுனியில் பிரெய்லாக அதைத் தடவிப் பார்க்க வேண்டும். ஒலிப்பதிவால் இவை முடியாது. சரியான எழுத்துக்கோப்பு ஒன்று இருந்தால் அதிலிருந்து குரலும் பிரெய்லும் பெரிய எழுத்தும் மூன்றும் பிறக்கும்.

"அப்படி எத்தனை பேர் படிக்கப் போகிறார்கள்?" சிலர் தணிந்த குரலில் இதையும் கேட்டுவிடுகிறார்கள். பிறவியிலேயே பார்வை இல்லாதவர்களை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு கேட்கும் கேள்வி இது. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. உழைக்கும் வயதினரின் பார்வையைப் பறிக்கும் முதன்மைக் காரணங்களில் நீரிழிவு விழித்திரை நோய் ஒன்று. கண்புரையும் கண் அழுத்த நோயும் வேறு. இந்த மாநிலத்தில் தமிழை மிக நன்றாக வாசிக்கத் தெரிந்த தலைமுறை எது? தோட்டத்துப் பள்ளியில் படித்து, நாளிதழும் நாவலும் வாசித்து, தோட்டம் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போனபின் அலோர் காஜாவிலும் பாச்சாங்கிலும் அடுக்குமாடிகளில் குடியேறிய தலைமுறை. அவர்களுக்கு இன்று எழுத்து மங்குகிறது. முழுக்க இருண்டுவிடவில்லை, எழுத்து பெரிதானால் படிப்பார்கள். பிடிஎஃப் படத்தைப் பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் திரையை இடமும் வலமும் இழுக்க வேண்டும். எழுத்துக்கோப்பில் எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் வரி தானாக மடங்கித் திரைக்குள் அமையும். அந்தக் கணக்கெடுப்பின்படி பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு நீரிழிவு உள்ள சமூகம் எத்தனை பேர் என்று கேட்பது தன்னையே எண்ணாமல் கேட்பது.

பார்வையற்றோர் கல்விக்கு இந்த மாநிலம் அந்நியம் இல்லை. நாட்டின் முதல் பார்வையற்றோர் பள்ளியான செயின்ட் நிக்கலஸ் இல்லம் 1926இல் மலாக்காவில்தான் தொடங்கியது. பின்னர் பினாங்குக்குப் போனது. சிறப்புக் கல்விப் பள்ளிகளில் பயிற்றுமொழி மலாய் என்பதால், பார்வையற்ற தமிழ்ப் பிள்ளைக்குத் தாய்மொழி வாசிப்பு வீட்டிலிருந்தும் சமூகத்திலிருந்தும்தான் வந்தாக வேண்டும். அந்தப் பிள்ளைக்கு நாம் நீட்டுவது ஊமைக் கோப்பு என்றால் அதோடு தமிழ் வாசிப்பு முடிந்தது.

சட்டம் தடுக்கிறது என்ற பழைய சாக்கும் இப்போது செல்லாது. அச்சு நூலைப் படிக்க இயலாதவர்களுக்காக நூலை மாற்று வடிவில் ஆக்க வழிசெய்யும் மராகேஷ் ஒப்பந்தம் 2013இல் கையெழுத்தானது. இந்தியா 2014இல் முதல் நாடாக அதை ஏற்றது. மலேசியா பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி 2022 மார்ச்சில் இணைந்தது, அவ்வாண்டு ஜூன் 30 முதல் அது இங்கே நடப்பில் இருக்கிறது. அனுமதி பெற்ற அமைப்புகள் உரிமையாளரை நூலுக்கு நூல் தேடி அலைய வேண்டியதில்லை, எல்லை கடந்தும் பகிரலாம். இந்தியாவில் 2016இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா போன்ற இணைய நூலகங்களோடு கொடுக்கல் வாங்கலுக்குக் கதவு திறந்திருக்கிறது. கொடுக்க நம்மிடம் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. தமிழ்நாட்டு நூல்களை அங்கே யாராவது செய்துகொள்வார்கள். ஜாசின் மலரையும் தெபோங் தோட்டத்துக் கதையையும் நாம் செய்யாவிட்டால் வேறு யாரும் செய்யப் போவதில்லை.

இவ்வளவு உழைப்புக்கு ஆள் எங்கே என்று கேட்பது நியாயமான கேள்வி. அதை மட்டும் நான் மதிக்கிறேன். இருநூறு பக்க நூலுக்கு ஒருவர் மாலை நேரங்களில் உட்கார்ந்தால் பல வாரங்கள் ஆகும். ஆனால் ஒன்றை யோசியுங்கள். மலாக்காவில் பிறந்து தமிழும் கற்ற முன்ஷி அப்துல்லா, லண்டன் மிஷன் சங்கத்தின் அச்சகம் இங்கே நடந்த காலத்தில் எழுத்துக் கோக்கும் வேலையைக் கற்றவர். எழுத்தை அச்சாக்க ஆள் வேண்டும் என்பதில் அன்றும் இன்றும் யாருக்கும் ஐயமில்லை. கோப்பவருக்கும் மெய்ப்புப் பார்ப்பவருக்கும் கூலி கொடுத்தோம். அச்சைத் திரும்ப எழுத்தாக்குவதற்கு மட்டும் ஆளே வேண்டாம், இயந்திரம் போதும் என்று எப்படி முடிவு செய்தோம்?

எல்லா நூலையும் ஒரே நாளில் முழுமையாகச் செய்யச் சொல்லவில்லை. ஒன்றுமே இல்லாததற்கு அரைகுறை எழுத்துக்கோப்பும் மேல்தான். அதை அரைகுறை என்று பெயரிட்டு வைப்போம். தமிழ் விக்கிமூலத்தில் இதற்கு நல்ல முறை இருக்கிறது. எழுத்துணரி கொடுத்த பக்கம் சிவப்பு. ஒருவர் படத்தோடு ஒப்பிட்டுத் திருத்தினால் மஞ்சள். வேறொருவர் மறுபடி பார்த்து உறுதி செய்தால்தான் பச்சை. யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது, எது முடிந்தது எது முடியவில்லை என்பது நிறத்திலேயே தெரிகிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பல நாடுகளிலுள்ள தன்னார்வலர்களின் தட்டச்சாலும் மெய்ப்பாலும் வளர்ந்தது. சம்பளமில்லாத கைகள் செய்த வேலை அது.

மலாக்காவில் 21 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கமும் தன் மலர் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுத்தைப் பார்க்கட்டும். கணினி தெரிந்த இளைஞர் ஒருவர் பக்கத் தலைப்பை நீக்கி, உடைந்த சொல்லை ஒட்டி, அத்தியாயத் தலைப்பைத் தலைப்பாகக் குறித்து, மூலநூலின் பக்க எண்ணைத் தனியாக இட்டு, இடையில் வரும் மலாய்ச் சொல் தமிழ்க் குரலில் சிதையாதபடி மொழியைக் குறித்து, இபப் என்னும் மின்நூல் கோப்பாக்கட்டும். தலைப்பைக் குறித்துவிட்டால் வாசகர் ஒரு விசையைத் தட்டி அத்தியாயத்துக்கு அத்தியாயம் தாவலாம். குறிக்காவிட்டால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை கேட்டே ஆக வேண்டும். முடிந்த கோப்பைப் பார்வையற்ற வாசகர் ஒருவரிடம் முதலில் கொடுத்துக் கேளுங்கள். அவர் சரி என்ற பிறகு வெளியிடுங்கள். அவரைக் கேட்காமல் அவருக்காகச் செய்ததாக மேடையில் சொல்லாதீர்கள்.

இனி மலர் போடப்போகும் கோயில் நிர்வாகத்தினரையும் பள்ளி வாரியத்தினரையும் எழுத்தாளர்களையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அச்சகத்துக்குக் கடைசித் தவணைப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் யுனிகோடு எழுத்தில் உள்ள மூலக்கோப்பை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அதற்குத் தனிச் செலவு இல்லை. அந்தக் கோப்பு கையில் இருந்தால் அந்த நூலை யாரும் ஸ்கேன் செய்யவே வேண்டியதில்லை.